அம்மாவின் புடவைகளை வெட்டிக் குழந்தைக்கு விரிப்பு தைக்கலாமா?

திருச்சி அத்தை:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் தம்பி மகளுக்கு இது ஏழாம் மாதம். ஒன்பதில் வளைகாப்பு. என் அம்மா போன வருஷம் ஆடியில் தவறிவிட்டார்கள். இந்த ஆடியில் வருஷத் திதியும் முடிந்தது. மருமகள் பாட்டியின் மடியிலேயே வளர்ந்தவள். அம்மாவின் பீரோவைப் பிரித்தபோது ஐந்து புடவைகளைக் கொடுக்க மனமில்லாமல் எடுத்து வைத்தேன். இரண்டு சுங்குடி (ஒன்று மெரூன், ஒன்று கரும்பச்சை), ஒரு கண்டாங்கி, வெளிர் நீலத்தில் ஒரு வாயில் (அந்த மெல்லிய பருத்திப் புடவை), அப்புறம் அவர்களுடைய கூரைப்புடவை. இவற்றைச் சதுரம் சதுரமாக வெட்டிச் சேர்த்து, க்வில்ட் என்கிறார்களே, அந்த மாதிரி ஒரு விரிப்பு தைத்துக் குழந்தைக்குக் கொடுக்க ஆசை.

வீட்டில் மிஷின் இருக்கிறது. ரவிக்கை, பாவாடை, தலையணை உறை எல்லாம் தைப்பேன். க்வில்ட் தைத்ததில்லை.

கேள்வி இரண்டு. எந்தப் புடவையை எப்படி வெட்டுவது, நடுவில் என்ன வைப்பது? இரண்டாவதுதான் கஷ்டம். தம்பியின் மாமியார் காதுக்கு விஷயம் போய், "போனவங்க துணியையா பச்சைப்பிள்ளைக்குப் போடப் போறீங்க?" என்று கேட்டுவிட்டார்கள். கோபமாகக் கேட்கவில்லை, பயந்துதான் கேட்டார்கள். அதனால் எனக்கும் கை ஓடவில்லை.

ஊசிமுனை:

முதலில் கூரைப்புடவையை எடுத்துப் பீரோவில் வையுங்கள் அக்கா. சகுனத்துக்காகச் சொல்லவில்லை. பழைய பட்டு மடித்த இடத்திலெல்லாம் விட்டுப்போகும். தைக்கும்போது நன்றாக இருக்கும், நாலாவது துவையலில் கோடு கோடாகக் கிழியும். ஜரிகை குழந்தையின் தோலில் உரசும். தினம் மூத்திரம் பட்டுத் துவைக்கிற துணியில் பட்டுக்கு வேலையே இல்லை.

மற்ற நாலும் பருத்திதானே? கொண்டாட்டம்தான்.

ஈரோடு டெய்லர்:

நான் 30 வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு புடவையையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடியுங்கள். கொசுவம் வரும் பகுதியும், கால் பக்கத்துக் கரையை ஒட்டிய இடமும் சல்லடை மாதிரி தெரியும். அந்தப் பகுதியைத் தள்ளிவிடுங்கள். முந்தானையும், கொசுவத்தைத் தாண்டி உள்ளே சுற்றுகிற பகுதியும்தான் அடிபடாமல் இருக்கும்.

ஒரு புடவை ஐந்தரை மீட்டர், அதாவது சுமார் 216 அங்குலம். அகலம் 46 அங்குலம் பக்கம் வரும். 36 அங்குலத்துக்கு ஒரு வெட்டு போட்டால் ஒரே புடவையில் ஆறு துண்டு. கைக்குழந்தை விரிப்புக்கு 36க்கு 42 தாராளம். ஆகவே துணி போதாது என்ற கவலை வேண்டாம், மிஞ்சும்.

சதுரம் தைத்து முடிந்தபின் 6 அங்குலம் இருக்க வேண்டுமென்றால் ஆறரை வெட்ட வேண்டும், சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்கு. இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஏழு, மொத்தம் 42 சதுரம். ரவிக்கை தைக்கிற கைக்குக் கால் அங்குலத் தையல் பொறுமையைச் சோதிக்கும். நாம் அரை அங்குலம் விட்டே பழகியவர்கள். மிஷின் தட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

வாயிலைச் சதுரமாக வெட்டினால் இழுபடும். பேஸ்டிங் கேன்வாஸ் (இஸ்திரி போட்டு ஒட்டுகிற விறைப்புத் துணி) ஒட்டினால் நிற்கும், ஆனால் அட்டை மாதிரி ஆகிவிடும், குழந்தைக்கு உதவாது. அதற்குப் பதிலாக அடியில் பழைய வேஷ்டித் துணி ஒரு மடிப்பு கொடுத்துச் சேர்த்தே தைத்துவிடுங்கள்.

நடுவில் பாலியெஸ்டர் பஞ்சு ஷீட் வைப்பார்கள். நம் ஊருக்கு அது வேண்டாம். திருச்சி வெயிலில் குழந்தைக்கு வேர்க்குரு வரும். பழைய வேஷ்டி இரண்டு மடிப்பு போதும்.

மதுரை மல்லி:

சுங்குடி என்று சொன்னதால் வருகிறேன். மதுரைச் சுங்குடி சாயம் விடும். பத்து வருஷம் கட்டிய புடவைகூட விடும். மெரூனையும் வெளிர் நீலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்து முதல் தடவை நனைத்தீர்களானால் நீலம் ரோஸ் ஆகிவிடும். நான் என் நாத்தனார் பெண்ணுக்குத் தைத்த தலையணை உறையில் பட்ட பாடு இது.

கல் உப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊற வையுங்கள்.

ஈரோடு டெய்லர்:

உப்புத் தண்ணீர் விஷயத்தில் மன்னிக்கவும், ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏற்கெனவே சாயம் போட்ட துணியை உப்பிலோ வினிகரிலோ ஊற வைத்தால் சாயம் நின்றுவிடும் என்பது வீட்டுக்கு வீடு சொல்கிற கதை. சாயம் போடும்போது தொட்டியில் உப்பு சேர்ப்பார்கள், அது வேறு. ஒட்டாமல் நிற்கிற சாயம் எத்தனை உப்பு போட்டாலும் வெளியே வரத்தான் செய்யும். தனியாக அலசுங்கள், தண்ணீர் தெளியும் வரை. அப்புறம் ஈரமாக இருக்கும்போதே ஒரு வெள்ளைக் கைக்குட்டையை மேலே வைத்து இஸ்திரி போடுங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறாவிட்டால் தைக்கலாம்.

மதுரை மல்லி:

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக உப்புதான். ஆனால் கைக்குட்டைச் சோதனை நல்ல யோசனை, அதை ஒத்துக்கொள்கிறேன்.

நாஞ்சில் நூல்:

தையல் பேச்சு நடக்கட்டும். நான் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

பச்சைப்பிள்ளைக்குப் புதுத்துணி உடனே போடாத வீடுகள் எத்தனை! துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பாட்டி புடவை, தாத்தா வேஷ்டி, இவைதானே பிள்ளையின் முதல் துணி? புதுத்துணி பெயர் வைக்கும் நாளில்தான். கஞ்சி போட்ட துணி பிள்ளையின் தோலுக்கு ஆகாது என்பது ஒரு காரணம், கண்ணேறு படக்கூடாது என்பது இன்னொன்று. பிள்ளை தங்காத வீட்டில் அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் புரட்டி எடுத்து, குப்பம்மாள், பிச்சை என்று பெயர் வைத்தார்களே, அதே கணக்கு. பழசும் கந்தலுமாக இருந்தால் கெட்டது திரும்பிப் பார்க்காது.

இது நம் ஊரில் மட்டும் இல்லை. பீகாரில் முசாபர்பூர் பக்கம் பூசுரா கிராமத்தில் சுஜனி என்று ஒரு வேலை. பழைய புடவைகளை அடுக்கிச் சின்னச் சின்ன ஓட்டுத்தையல் போட்டுத் தைப்பார்கள். பிறந்த குழந்தையைப் போர்த்துவதற்காகவே வந்த வழக்கம் அது. வங்காளத்துக் காந்தாவும் அப்படித்தான். அந்தக் காலத்தில் அதற்குத் தையல் நூலைக்கூட விலைக்கு வாங்கவில்லை, பழைய புடவைக் கரையிலிருந்தே உருவி எடுத்தார்கள். காந்தாவும் நம் 'கந்தை'யும் ஒரே குடும்பத்துச் சொற்கள். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று நாம் சொன்னோம், அவர்கள் கசக்கித் தைத்துவிட்டார்கள்.

தவறியவர் புடவை என்பதில் ஒன்று. வாழ்ந்து, பேரன் பேத்தி பார்த்து, வயதாகிப் போனவர்கள் புடவை ஆசீர்வாதம் என்றுதான் எங்கள் பக்கம் எடுத்துக்கொள்வார்கள். கடைசியாக உடுத்தியிருந்தது, ஆஸ்பத்திரியில் கட்டியிருந்தது, இவற்றை மட்டும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். உங்கள் ஐந்தில் அப்படி எதுவும் இல்லையே?

கடைசியாக ஒரு கேள்வி. மருமகளைக் கேட்டீர்களா? வெட்டின புடவை திரும்ப ஒட்டாது.

திருச்சி அத்தை:

இல்லை, அந்த மாதிரிப் புடவை எதுவும் இதில் இல்லை. எல்லாம் அம்மா திடமாக இருந்தபோது கட்டியவை.

மருமகளைக் கேட்கவில்லை. திடீரென்று கையில் கொடுத்து அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கேட்டது சுருக்கென்று இருக்கிறது. நாளைக்குக் கேட்கிறேன்.

நூல்கண்டு:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். நானும் ஒரு வளைகாப்புக்காகத்தான் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். சென்னையில் இருக்கிறேன். தோழிக்குக் குழந்தைக் குல்லா, சாக்ஸ், ஒரு சின்னப் போர்வை பின்னலாம் என்று இருக்கிறேன். குரோஷா ஓரளவு வரும். இரண்டு ஊசிப் பின்னல் இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன். வீடியோவில் 8ஆம் நம்பர் ஊசி என்றார்கள், கடையில் 8 என்று கேட்டு வாங்கினேன், குல்லா எலுமிச்சம்பழத்துக்குப் போடுகிற அளவில் வருகிறது. எங்கே தப்பு?

குன்னூர் குளிர்:

தப்பு உங்கள் மேல் இல்லை, நம்பர் மேல். நம் ஊர்க் கடைகளில் பழைய இங்கிலாந்து நம்பர் இன்னும் ஓடுகிறது. அதில் 8 என்றால் 4 மில்லிமீட்டர். அமெரிக்காக்காரர் 8 என்றால் 5 மில்லிமீட்டர். போதாக்குறைக்கு இங்கிலாந்துக் கணக்கில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும், அமெரிக்கக் கணக்கில் தடிக்கும். அதனால் நம்பரை மறந்துவிட்டு மில்லிமீட்டர் கேட்டு வாங்குங்கள்.

குரோஷாவிலும் இதே வில்லங்கம் உண்டு. அமெரிக்க மாதிரியில் சிங்கிள் என்று எழுதியிருப்பதைத்தான் இங்கிலாந்து மாதிரியில் டபுள் என்பார்கள். எந்த ஊர் மாதிரி என்று தலைப்பிலேயே பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். நான் பார்க்காமல் ஒரு போர்வையைப் பாதி வரை போட்டு, அது கதவு மிதியடி மாதிரி விறைத்துப்போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பிரித்தேன்.

குல்லாவுக்கு: பிறந்த குழந்தையின் தலைச்சுற்று சராசரி 34, 35 சென்டிமீட்டர். பின்னல் இழுபடும், ஆகவே 30, 31 வருகிற மாதிரி போடுங்கள். முதலில் ஒரு கை அகலத்துக்குச் சதுரம் பின்னி, ஸ்கேல் வைத்து 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். இதைச் செய்யச் சொன்னால் எல்லோருக்கும் அலுப்பு. அரை மணி நேரம்தான் ஆகும். இரண்டு வாரம் மிஞ்சும்.

ஸ்காபரோ அம்மம்மா:

நான் கனடாவிலிருந்து எழுதுகிறேன். ஐந்து பேரப்பிள்ளைகளுக்கும் பின்னிக் கொடுத்தவள். சென்னைக்குக் கம்பளி நூல் வேண்டவே வேண்டாம், பருத்தி நூலில் பின்னுங்கள். ஆனால் பருத்திக்கு நெகிழ்வு இல்லை, குல்லாவின் விளிம்பு ஒரு மாதத்தில் தொய்ந்து கண்ணை மறைக்கும். ஓரத்தை ஒரு நம்பர் மெல்லிய ஊசியில் இறுக்கிப் பின்னினால் வடிவாக நிற்கும். இங்கே தை மாதக் குளிருக்குச் செம்மறி ஆட்டுக் கம்பளிதான் பின்னுவேன். மிஷினில் போட்டாலும் சுருங்காத கம்பளி என்று லேபிளில் பார்த்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் பெறாமகள் ஒருத்திக்கு நடந்த மாதிரி, பிள்ளையின் சட்டை பொம்மைக்குத்தான் போகும்.

இரண்டு விஷயம் கட்டாயம். ஓட்டை ஓட்டையாகப் பின்னுகிற சாக்ஸ் வேண்டாம். பிள்ளையின் விரல் ஓட்டைக்குள் போய் மாட்டும். உள்ளே தொங்குகிற நூல் விரலைச் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டமே நின்றுவிடும், பிள்ளை ஏன் அழுகிறது என்று ஒருவருக்கும் விளங்காது. உள்பக்கத்து நூல் நுனிகளை எல்லாம் ஊசியால் கோத்து மறைத்து விடுங்கள். பொத்தான், மணி, குஞ்சம் எதுவும் வேண்டாம், பிய்ந்து வாய்க்குள் போகும்.

இரண்டாவது, திருச்சித் தங்கைக்கு. ஒரு வயது ஆகும் வரைக்கும் பிள்ளை தூங்குகிற இடத்தில் தளர்வான போர்வை, தலையணை, க்வில்ட் ஒன்றும் வைக்கக் கூடாது என்று இங்கே பிள்ளை வைத்தியர்கள் கண்டிப்பாகச் சொல்கிறார்கள். முகத்தை மூடிவிடும் என்ற பயம். ஆகவே போர்த்துவதற்கு என்று தைக்காதீர்கள். தரையில் விரித்துப் பிள்ளையைக் குப்புறப் போட்டுக் கண் பார்வையில் வைத்து விளையாட விடுவதற்கு என்று தையுங்கள்.

நூல்கண்டு:

சாக்ஸ் திட்டத்தை இப்போதே கைவிட்டேன். நன்றி அம்மம்மா.

பாதியில் நின்றவள்:

இவ்வளவு பாடுபட்டுக் கொடுத்து என்ன ஆகிறது என்பதையும் யாராவது எழுத வேண்டும். நான் எழுதுகிறேன்.

ஒரு உறவுக்காரப் பெண்ணின் கல்யாணத்துக்கு மேஜை விரிப்பு, குரோஷாவில், வெள்ளை நூலில், அன்னாசிப்பழ டிசைன். மூன்று மாதம். பஸ்ஸில் போட்டேன், டாக்டர் வீட்டு வாசலில் போட்டேன், கரண்ட் இல்லாத ராத்திரியில் டார்ச் வைத்துப் போட்டேன். கல்யாணத்தில் மொய்க் கவர்களோடு சேர்ந்து அது ஒரு மூட்டையில் போனது. எட்டு மாதம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனால், வாசலில் நிற்கிற ஸ்கூட்டரை அதை வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறார் மாப்பிள்ளை. "நல்லா தண்ணி உறிஞ்சுதுங்க" என்றார். பாராட்டுத்தான்!

இன்னொரு ரகம் உண்டு. பார்த்துவிட்டு "எனக்கும் ஒண்ணு போட்டுக் குடேன், நூல் காசு கொடுத்துடறேன்" என்பவர்கள். நூல் காசாம். அந்த மேஜை விரிப்புக்கு உட்கார்ந்த நேரத்தைக் கணக்குப் போட்டால் எந்தக் கூலியும் கட்டாது.

அதற்கப்புறம் எதையும் முடிக்கவில்லை. பெயரைப் பாருங்கள்.

சும்மா பார்க்க வந்தவன்:

ஸ்கூட்டர் துடைத்த மாப்பிள்ளை சார்பாக ஒரு வார்த்தை. எனக்குக் கல்யாணத்தில் வந்த கைவேலைப் பொருள் ஒன்று பத்து வருஷமாக அலமாரியில் கவரோடு இருக்கிறது. எடுக்கப் பயம், அழுக்காகிவிடுமே என்று. கொடுத்தவர் வீட்டுக்கு வந்தால் எடுத்துப் போடுவோம். அவருடையதாவது உபயோகத்தில் இருக்கிறது.

எப்படித் துவைப்பது என்று ஒரு சீட்டு எழுதி வைத்துக் கொடுங்கள். எங்களை மாதிரி ஆட்களுக்கு அது தெரியாததால்தான் அலமாரிக்குப் போகிறது.

நாஞ்சில் நூல்:

சீட்டு யோசனை அருமை. நானும் இனிமேல் எழுதி வைக்கப் போகிறேன்.

கூலி என்ற பேச்சு வந்ததால் எங்கள் ஊர்க் கதை. நாகர்கோவிலில் 1820களில் லண்டன் மிஷன் பாதிரியார் மால்ட் ஐயரின் மனைவி மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திண்டுத் தலையணை மாதிரி ஒன்றில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. அவருடைய மகள் எலிசா, கால்டுவெல்லைக் கல்யாணம் செய்துகொண்டு 1844இல் இடையன்குடிக்குப் போனபோது லேஸும் கூடப் போயிற்று. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் எல்லோருக்கும் தெரியும். அந்த அம்மா தேரிக்காட்டில் லேஸ் கற்றுக்கொடுத்தது அவ்வளவாகத் தெரியாது. கைவேலைக்குக் கூலி உண்டு, அந்தக் கூலி பெண்ணின் கைக்கே வரும் என்பது அன்றைக்குச் சின்ன விஷயம் இல்லை. என் ஆச்சி திண்டில் லேஸ் போடுவதைப் பார்த்திருக்கிறேன். கட்டைகள் டக் டக்கென்று மோதுகிற சத்தம்தான் நினைவில் இருக்கிறது. பேசிக்கொண்டே போடுவார், கை ஒரு தடவைகூடத் தப்பாது. எனக்கு அது வரவில்லை, குரோஷாவோடு நின்றுவிட்டேன்.

ஊசிமுனை:

பாதியில் நின்றவளே, ஒரு ஆறுதல். யாருக்குக் கொடுப்பது என்பதிலேயே பாதி வேலை இருக்கிறது. நான் இப்போதெல்லாம் கேட்காதவர்களுக்குப் பெரிய சாமான் செய்வதில்லை. ஒரு சின்னது கொடுத்துப் பார்ப்பேன், குரோஷாவில் ஒரு சாவிக்கொத்து மாதிரி. ஆறு மாதம் கழித்து அது அவர்கள் கையில் இருந்தால் அடுத்தது.

பெரிதாகச் செய்தது ஒன்றே ஒன்று, அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு. அறுபதுக்கு 60 சதுரம், ஆறு அங்குலச் சதுரம் ஆறுக்குப் பத்து. 36க்கு 60 வரும், ஒரு ஆள் காலுக்குப் போர்த்திக்கொள்ளலாம். குடும்பத்தில் ஆளுக்கு ஒரு பழைய துணி அனுப்பச் சொன்னேன். அங்கே ஆரம்பித்தது கூத்து. சித்தப்பா லுங்கி அனுப்பினார். அக்கா பையன் கிரிக்கெட் பனியனைக் கொடுத்தான். பனியன் துணி பின்னலாடை அல்லவா, இழுத்த இழுப்புக்கு வந்து சதுரம் சாய்சதுரமாகிவிட்டது. மாமா துணியே அனுப்பவில்லை, கேட்டால் "என்னை எந்த மூலையில் வைப்பே?" என்கிறார். யார் யாருக்குப் பக்கத்தில் யார் துணி என்பதில் பந்தி உட்கார வைக்கிற அளவுக்கு யோசிக்க வேண்டியிருந்தது. பேசாமல் இருக்கும் இரண்டு பெரியப்பாக்களை எதிரெதிர் மூலையில் வைத்தேன். அப்பா விரித்த உடனே மடித்துப் பார்த்து அந்த இரண்டு மூலையையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருக்கு எல்லாம் தெரியும்.

குன்னூர் குளிர்:

சதுரத்தில் கை வராதவர்களுக்கு வேறு வழி ஒன்று உண்டு. கர்நாடகத்தில் உத்தர கன்னடம், ஹலியாள், எல்லாப்பூர் பக்கம் சித்தி என்று ஆப்பிரிக்க வழிவந்த ஓர் இன மக்கள் கவந்தி என்ற விரிப்பு தைப்பார்கள். அளவு எடுப்பதே இல்லை. பழைய புடவையை அடியில் விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, கையில் அகப்பட்ட துண்டுகளை வைத்து ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே ஓரத்தைச் சுற்றி வந்து, சுற்றுச் சுற்றாக உள்ளே போய் நடுவில் முடிப்பார்கள். நாலு மூலையிலும் துணியை மடித்துப் பூ மாதிரி ஒரு முக்கோணம் வைப்பார்கள். அந்தப் பூ இல்லாத கவந்தி அம்மணமாக இருக்கிறது என்பார்களாம். மிஷினே வேண்டாம், சதுரம் நேராக வரவில்லை என்ற அழுகையும் வேண்டாம்.

திருச்சி அத்தை:

மருமகளைக் கேட்டேன். நல்லவேளை கேட்டேன்.

நீல வாயிலைத் தொடக்கூடாது என்றுவிட்டாள். பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்ததும் முகத்தில் வைத்துக்கொண்டாள். அதில் இன்னும் பாட்டியின் விபூதி வாசனை இருக்கிறதாம், எனக்கு நாப்தலின் வாசனைதான் வந்தது. "அதை வெட்டாதே அத்தை, தூளி கட்டு" என்கிறாள். பாட்டி புடவையில்தான் அவளுக்கும் தூளி கட்டினோம்.

சுங்குடி இரண்டையும் வெட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டாள். கண்டாங்கி என் இஷ்டமாம்.

ஈரோடு டெய்லர்:

அம்மா, வாயிலில் தூளி கட்டாதீர்கள். தயவு செய்து. பழைய வாயில் முடிச்சுப் போடுகிற இடத்தில் சத்தமில்லாமல் விட்டுப்போகும். வெளியே தெரியாது. கண்டாங்கியில் கட்டுங்கள், அது கனத்த நெசவு, தாங்கும். அதையும் முதலில் இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். கட்டிய பிறகு அரிசி மூட்டை ஒன்றைப் போட்டு ஒரு நாள் தொங்கவிட்டுப் பாருங்கள். சிரிக்காதீர்கள், என் மகளுக்கு அப்படித்தான் செய்தேன்.

ஸ்காபரோ அம்மம்மா:

நாங்கள் அதை ஏணை என்போம். தம்பி சொல்வது சரி. வாயிலை வெட்டாமல் மடித்துப் பிள்ளையை மடியில் வைக்கும்போது விரித்துக்கொள்ளட்டும். வாசனையும் தாய்க்குப் பக்கத்திலேயே இருக்கும்.

அப்புறம், வளைகாப்பில் கொடுக்காதீர்கள். பிறக்கும் முன் பிள்ளைக்குச் சாமான் சேர்ப்பது எங்கள் பக்கமும் இல்லை. 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்குத்தான் (தீட்டுக் கழிக்கிற நாள்) நாங்கள் எல்லாம் கொண்டு போவோம். உங்கள் சம்பந்தி அம்மாவுக்கும் அது மன ஆறுதலாக இருக்கும்.

திருச்சி அத்தை:

சரி, அப்படியே செய்கிறேன். கண்டாங்கி தூளிக்கு, வாயில் மடிக்கு, கூரைப்புடவை பீரோவுக்கு. விரிப்புக்கு இரண்டு சுங்குடி மட்டும். உள்ளேயும் பின்பக்கமும் அப்பாவின் எட்டு முழ வேஷ்டி. அப்பாவிடம் பழசாக ஒன்று கேட்டேன், கட்டியிருந்ததை அவிழ்க்கப் போய்விட்டார். நல்லவேளை கொடியில் இன்னொன்று இருந்தது.

சாயம் பற்றி: கரும்பச்சை மூன்றாவது அலசலில் தெளிந்துவிட்டது. மெரூன் ஏழு அலசல். நாலாவதில் மதுரை மல்லி சொன்ன உப்பையும் ஒரு தடவை போட்டேன் (டெய்லர் தம்பி மன்னிக்கவும்). ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை. இப்போது கைக்குட்டையில் லேசாக ரோஸ் ஏறுகிறது. போதுமா?

ஈரோடு டெய்லர்:

போதாது. இன்னும் இரண்டு அலசல். பின்பக்கம் வெள்ளை வேஷ்டி வைக்கிறீர்கள், கறை அதில்தான் தெரியும்.

ஊசிமுனை:

தைக்கும்போது: மூன்று அடுக்கையும் தரையில் விரித்து, சுருக்கம் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீள நீளமாகக் கைத்தையல் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். குண்டூசியை நம்பாதீர்கள், குழந்தைத் துணியில் ஒன்று மறந்து தங்கினால் என்ன ஆகும் என்று யோசித்தாலே தூக்கம் வராது. குண்டூசி குத்தினால் எண்ணிக் குத்துங்கள், எண்ணி எடுங்கள். தையல் நீளத்தை 3இல் வைத்து, சதுரங்கள் சேர்கிற கோட்டின் மேலேயே ஓட்டிவிடுங்கள். ஓரத்துக்குக் கிராஸ் பீஸ் (துணியைச் சாய்வாக வெட்டிய பட்டை) வெட்டி மடித்து அடித்தால் மூலை சுலபமாகத் திரும்பும்.

திருச்சி அத்தை:

இரண்டரை மாதம் ஆகிவிட்டது, யாரும் மறந்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். பெண் குழந்தை. இருவரும் சௌக்கியம்.

விரிப்பு முடிந்தது. 42 சதுரத்தில் மூன்று மூலை சேரவில்லை, கால் அங்குலம் தள்ளி நிற்கிறது. பிரித்துத் தைக்கலாம் என்று உட்கார்ந்து, வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். ஒரு சதுரத்தில் அம்மா புடவையில் சூடுபட்டு இழை போட்டுச் சேர்த்த இடம் இருந்தது, அதை வேண்டுமென்றே நடுவில் வைத்தேன். துவைக்கிற சீட்டும் எழுதிச் செருகினேன்: "மிஷினில் போடலாம். பயப்பட வேண்டாம்."

பெயர் வைக்கிற அன்றைக்குக் கொடுத்தேன். தம்பி மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் மெதுவாக, "ஒரு தடவை மஞ்சத்தண்ணியில நனைச்சு எடுத்துடலாமா?" என்று கேட்டார்கள். அவர்கள் இறங்கி வந்தது எனக்குப் பெரிதாகப் பட்டது. நானே ஒரு வாளியில் மஞ்சளைக் கரைத்து முக்கி எடுத்துக் கொடுத்தேன். அவர்களே அதைப் பிழிந்து கொடியில் போட்டார்கள்.

விளைவு: ஒன்பது அலசல் அலசி வெள்ளையாகக் காப்பாற்றிய பின்பக்கம் முழுக்க மஞ்சள். பாதி இடம் திட்டுத் திட்டாக. சுங்குடி மட்டும் துளி சாயம் விடவில்லை. மஞ்சள் போக என்ன செய்ய?

ஈரோடு டெய்லர்:

சோப்புப் போட்டால் முதலில் சிவக்கும், பயப்படாதீர்கள், அலசினால் மறுபடி மஞ்சளாகிவிடும். பிளீச்சிங் பக்கமே போகாதீர்கள், சுங்குடி வெளுத்துவிடும். துவைத்து, பின்பக்கம் மேலே தெரிகிற மாதிரி ஈரத்தோடு நல்ல வெயிலில் போடுங்கள். மஞ்சளுக்கு வெயில் ஆகாது. நாலைந்து நாளில் தானாகப் போய்விடும்.

திருச்சி அத்தை:

வெயிலுக்கு எங்கே போவேன் தம்பி? இங்கே கார்த்திகை மழை விட்டபாடில்லை. குழந்தை இப்போது அதன் மேல்தான் கிடக்கிறாள்.